கலியாணப் பணம் யாருடையது?

வணிகர் இல்லங்களுக்கு ஒரு பாடம்



கடையில் நாம் ஒரு காசையும் கணக்கில்லாமல் விடுவதில்லை. ரொக்கம், கடன் பற்று, பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று பேரேட்டில் தனித்தனியே எழுதுகிறோம். அமானிதத்தைக் கடை முதலோடு சேர்ப்பவனை நாணயஸ்தன் என்று எவரும் சொல்லார். ஆனால் வீட்டில் கலியாணம் வந்ததும், இதே நாம் எல்லாப் பணத்தையும் ஒரே பையில் போட்டுவிடுகிறோம். மஹர், கைக்கூலி, சீர், விருந்துச் செலவு, மொய் யாவும் கலந்துபோகின்றன. பின்னொரு நாள் சச்சரவு எழும்போது, எது யாருடையது என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. பெரும்பாலும் நஷ்டம் பெண்ணுக்கே வந்து சேர்கிறது.

அண்டை அயலார் வழக்கம்

கோல சிலாங்கூரிலும் அதன் வடக்கிலும் வாழும் நமக்குப் பல சமூகத்தாரின் கலியாணங்களைக் காணும் வாய்ப்பு உண்டு. தோட்டத்து இந்துக்கள் பரிசம் போட்டு, பந்தலிட்டு, தாலி கட்டுகிறார்கள். மொய்ப் பணத்தை நோட்டில் பெயரோடு எழுதிக்கொள்கிறார்கள். எழுதியவருடைய வீட்டில் விசேஷம் வரும்போது அது திருப்பிச் செய்யவேண்டிய கடன். முன்னாளில் தாலியும் ஊராரும் சாட்சி என்பதோடு நின்றது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமுலுக்கு வந்தபின், முஸ்லிமல்லாதார் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயமாயிற்று.

கம்பத்து மலாய்க்காரர் முதலில் ‘மெரிசிக்’ என்று பெண் விசாரிக்கப் போகிறார்கள். நிக்காஹின்போது ‘மாஸ் காவின்’ என்னும் மஹர் உண்டு. அதற்கு மேல், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு ‘ஹந்தாரான்’ பணமும் தட்டுகளும் கொண்டு வருகிறார்கள். செகிஞ்சான் பக்கத்துச் சீனரிடையேயும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பணம் கொடுக்கும் மரபு உண்டு. அதில் ஒரு பகுதியைப் பெண் வீட்டார் மரியாதையாகத் திருப்பித் தருவார்கள். விருந்துக்கு வருவோர் தரும் அங்பாவ் மேசைச் செலவைத் தாங்குகிறது.

இம்மூன்று சமூகத்திலும் மாப்பிள்ளை பக்கமிருந்து பெண் பக்கம் பணம் போகும் மரபு இருப்பதைக் கவனியுங்கள். தமிழ் முஸ்லிம்களாகிய நம்மில் பலருடைய குடும்பங்களில் மட்டும் கைக்கூலி என்ற பெயரில் அது எதிர்த்திசையில் ஓடிவந்திருக்கிறது. நம் பையன் மலாய்ப் பெண்ணை மணக்கும்போது ஹந்தாரான் தொகையைக் கேட்டுத் திடுக்கிடுகிறோம். நம் பெண்ணைக் கேட்டு மலாய்ப் பையன் வீட்டார் வரும்போது, என்ன கேட்பது என்றே தெரியாமல் விழிக்கிறோம்.

மஹர்

மஹரைப் பெண்களுக்கே மனமுவந்து கொடுக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அது பெண்ணின் சொந்தப் பொருள். தகப்பனாருக்கோ, மாமனாருக்கோ, கணவனுக்கோ அதில் உரிமையில்லை. அவளாக விரும்பிக் கொடுத்தாலன்றி எவரும் தொடலாகாது.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். மக்காவில் உடைமைகளை விட்டு மதீனாவுக்கு வந்தவர். உதவ முன்வந்த அன்ஸாரித் தோழரிடம் கடைத்தெருவுக்கு வழி கேட்டவர். வியாபாரம் செய்து சம்பாதித்து, பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கத்தை மஹராகக் கொடுத்து மணந்தார். நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆட்டைக் கொண்டேனும் வலிமா விருந்து கொடுக்குமாறு அவரிடம் சொன்னார்கள். வணிகரான நமக்கு இதில் முழுக் கலியாணத் திட்டமும் இருக்கிறது: சொந்தச் சம்பாத்தியம், பெண்ணுக்கு மஹர், சக்திக்கேற்ற விருந்து.

சிலாங்கூரில் நிர்ணயிக்கப்பட்ட மாஸ் காவின் 300 வெள்ளி. ஜொகூரில் 22 வெள்ளி 50 காசு. மேலாகக் கொடுப்பதற்குத் தடையில்லை. ஹந்தாரான் என்பது ஆதத்து, அதாவது ஊர் வழக்கம். அது இல்லாமலும் நிக்காஹ் நிறைவேறும்.

கைக்கூலி

கைக்கூலிக்கு ஷரீஅத்தில் இடமில்லை. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இதை நோக்கும் விதம் நமக்குப் படிப்பினை. பெண்ணின் உபயோகத்துக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் பொருள் என்றே அது கைக்கூலியை வரையறுக்கிறது. அப்படியானால் அது அவன் கையில் இருக்கும் அவளுடைய பொருள். இந்தியாவிலோ 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் வரதட்சணையைக் குற்றமாக்கியபோது, முஸ்லிம்களின் மஹருக்கு விலக்களித்தது. இரண்டும் வேறு வேறு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடைக்காரர் மகன் கலியாணத்தில் பெண் வீட்டாரிடம் 10,000 வெள்ளி வாங்கினார். மஹர் 1,000 வெள்ளி பின்னால் தருவதாக வாய்ப்பேச்சு. பத்தாயிரமும் அரிசி மூட்டையாகவும் எண்ணெய் டின்னாகவும் கடைக்குள் போயிற்று. ஐந்தாண்டில் மகன் மௌத்தானார். வாரிசுகள் பாகம் பிரிக்க உட்காருகிறார்கள். கொடுக்கப்படாத மஹர் இறந்தவர் பட்ட கடன். கடன் தீர்ந்த பிறகே பாகம். ஆனால் ஏட்டில் எழுத்து இல்லை. பத்தாயிரத்தைப் பற்றிக் கேட்டால், “அது அப்போதே செலவாகிவிட்டது” என்கிறார்கள். கைக்குழந்தையோடு நிற்கும் அந்த மருமகள் எந்த ஏட்டைக் காட்டுவாள்? அவளுக்கு ஏடு எழுதித் தரவேண்டியவர்கள் நாமல்லவா?

கலியாணத்துக்கு முன் செய்யவேண்டியவை

1. மஹர் தொகையை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். மண்டபமும் சமையலும் பிறகு.

2. ரொக்கமாகவே கொடுத்துவிடுங்கள். பாக்கி வைத்தால் தொகையையும் தேதியையும் பதிவாளரிடம் எழுதச் செய்யுங்கள். சிலாங்கூரின் 2003ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி மாஸ் காவின், அன்பளிப்பு, கொடுபடாத பாக்கி, அதற்கான ஈடு ஆகிய யாவற்றையும் பதிவாளர் குறிக்கவேண்டும்.

3. திருமணத்துக்கு முன் அனுமதி பெறுவதையும், திருமணத்துக்கு முந்திய வகுப்புக்குப் போவதையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். தாயகத்தில் நடக்கும் நிக்காஹையும் ஆறு மாதத்துக்குள் பதிய விண்ணப்பிப்பது அவசியம்.

4. பெண்ணுக்குத் தாய்வீட்டார் போடும் நகைக்குப் பட்டியல் எழுதி, இரு வீட்டாரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. வலிமாவுக்குக் கடை முதலைத் தொடாதீர்கள். கையிலிருப்பதற்குத் தக்கபடி அழையுங்கள்.

6. கைக்கூலி ஏற்கெனவே வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். உடனே முடியாவிட்டால் மருமகள் பெயரில் தனிப்பற்று எழுதி, தவணையாகவேனும் தீருங்கள்.

இல்லத்தில் பேசிப் பார்க்க

உங்கள் துணைவியாரின் மஹர் எவ்வளவு? அது கொடுபட்டதா, பாக்கியா? பாக்கியென்றால் எங்கே எழுதியிருக்கிறது? மகள் கலியாணத்தில் போட்ட நகை இன்று யார் கையில்?

இன்றிரவு கடை அடைத்து வீடு திரும்பியதும் முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் நாளைக்கே தேடிப் பிடித்து ஏட்டில் எழுதுங்கள். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலிலும் இல்லங்களிலும் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.