தோட்டத்து முகவரியும் வீட்டு ரவுட்டரும்

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்த நமக்கு இப்பொருளை விளங்கிக்கொள்ள நூலறிவு மிகுதியும் வேண்டியதில்லை. தோட்டமொன்றில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு நெடுங்காலமாகத் தோட்டத்தின் பெயரொன்றே முகவரியாய் இருந்துவந்தது. தபாற்கட்டு முதலில் தோட்ட ஆபீசை அடையும். பின்னரே டிவிசன், லயம், காம்பரா என்று பிரிந்து செல்லும். பெயர் தெளிவாயிராவிடின் கடிதம் ஆபீசிலேயே கிடக்கும். நேர்முகப் பரீட்சை முடிந்த பின்னர் அதற்கான அழைப்பைக் கையிற் பெற்றோர் நம்முள்ளும் உளர். வீட்டு ரவுட்டர் செய்வதும் அவ்வாபீசின் வேலையே.

இணையத்தின் பழைய முறையில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. உலகுக்கு இவை போதா. ஆதலின் 10 என்றும், 192.168 என்றும், 172.16 முதல் 172.31 வரையும் தொடங்கும் எண்கள் உள்வீட்டுப் பாவனைக்கென 1996 இல் வரையறுக்கப்பட்டன. வீட்டுக் கருவிகள் யாவும் இத்தகைய எண்களைத் தாங்கி, ரவுட்டர் பெற்ற ஒரே வெளிமுகவரியின் பின்னே நிற்கின்றன. உள்ளிருந்து ஒருவர் எழுதினால் ரவுட்டர் அதனைக் குறித்துவைத்து மறுமொழியை அவரிடமே சேர்க்கும். வெளியார் தாமாக எழுதினாலோ, யாருக்கென்று அறியாது எறிந்துவிடும். "8080 என்னும் வாயிலெண்ணுக்கு வருவது 192.168.1.20 இல் உள்ள கமராவுக்குரியது" என்று அதற்கு முன்கூட்டியே எழுதிக்கொடுப்பதே போர்ட் போர்வர்டிங். வாயிலெண்கள் 65,535 வரை உண்டு.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலே தாயாரைத் தனியே விட்டுக் கொழும்பில் தொழில் புரியும் பழைய மாணவர் ஒருவர், அம்மையார் ஒருமுறை வழுக்கி விழுந்து மாலைவரை எவரும் அறியாது கிடந்ததன் பின், வீட்டில் கமராவொன்று பொருத்தினார். விதியை எழுதினார், படம் வரவில்லை. எம்மை அழைத்தார். யாம் சென்றோம்.

முதலிற் பார்க்கவேண்டியது உள்வீட்டில் அக்கமரா பேசுகின்றதா என்பதே. அங்கேயே பேசாததை வெளியிலிருந்து அழைத்துப் பயனில்லை. பேசியது, ஆயின் வேறோர் எண்ணிலிருந்து! மழைநாளில் மின்சாரம் தடைப்பட்டு மீண்டபோது ரவுட்டர் அதற்கு .20 க்குப் பதிலாக .23 ஐக் கொடுத்திருந்தது. விதியோ பழைய காம்பராவையே காட்டி நின்றது. அக்கருவிக்கு .20 ஐயே நிலையாக ஒதுக்கினோம். ரி.சி.பி., யு.டி.பி. என்னும் இருவகையில் எதுவென்பதையும் சரிபார்த்தோம். பின்னர் கைத்தொலைபேசியின் வைபையை நிறுத்தி, அதன் சொந்த இணைப்பினூடாகச் சோதித்தோம். வீட்டினுள் இருந்தபடியே வெளிமுகவரியைத் தட்டிப் பார்ப்பவர் பலர். சில ரவுட்டர்கள் அவ்வாறு திரும்பிவரும் அழைப்பை ஏற்பதில்லை. சரியான விதியையும் பிழையென்று அழித்துவிட்டு வருந்துவோர் இவர்களே.

இவ்வளவின் பின்னரும் படம் வரவில்லை.

ரவுட்டர் தனக்கென்று பெற்றிருந்த வெளியெண்ணை அப்போதுதான் நோக்கினோம். இதனை முதலிலேயே செய்திருந்தால் அரைநாள் மிஞ்சியிருக்கும். அது 100.72 என்று தொடங்கிற்று. இணையத்தளமொன்று காட்டிய எம் முகவரியோ முற்றிலும் வேறு. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள், சேவை வழங்குவோர் தம் வாடிக்கையாளர் பலரை ஒரே முகவரியின் பின்னே நிறுத்துவதற்காக 2012 இல் ஒதுக்கப்பட்டவை. அதற்கு முந்திய ஆண்டு ஏப்பிரல் 15 ஆம் நாள் ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் முகவரிக் கையிருப்பு இறுதித் தொகுதிக்கு வந்துவிட்டிருந்தது. 1975 இல் அரசுடைமையாகும் வரை தோட்டத்துரைக்கும் மேலே கொழும்பில் ஏஜென்சிக் கம்பனி இருந்ததல்லவா? அதுபோல எம் ரவுட்டருக்கு மேலே இன்னுமொரு பெரிய ஆபீஸ்! கடிதம் அங்கேயே நின்றுவிடுகின்றது. கீழே எத்தனை விதி எழுதினும் வீணே. சிம் அட்டையில் இயங்கும் ரவுட்டர்களில் இந்நிலை மிகச் சாதாரணம்.

ஒருவகையில் இத்தடை நன்றே என்றும் யாம் எண்ணினோம். கமராவின் கடவுச்சொல் தொழிற்சாலையில் இட்டபடியே இருந்தது. 2016 இல் மிராய் என்னும் தீநிரல் அத்தகைய கமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கிற் கைப்பற்றிப் பெருந்தளங்களை முடக்கியது. அம்மையாரின் அடுப்பங்கரையை உலகம் பார்ப்பதற்கா கமரா வைத்தோம்? கடவுச்சொல்லை அன்றே மாற்றினோம்.

வழி என்ன? சேவை வழங்குவோரிடம் பொது முகவரி கேட்டோம். அத்திட்டத்தில் இல்லை என்றனர். ஆயின் நண்பரின் கொழும்பு அறையிலிருந்த கம்பியிணைப்புக்குப் பொது முகவரி இருந்தது. எனவே திசையை மாற்றினோம். தோட்டத்து வீட்டில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியொன்றை வைத்து, வயர்கார்ட் என்னும் மறைகுறித் தடத்தை அதுவே மலையிலிருந்து கொழும்பை நோக்கி அழைக்குமாறு அமைத்தோம். வாயிலெண் 51820 ஐக் கொழும்பு ரவுட்டரில் திறந்தோம்; யு.டி.பி. மட்டும். அழைப்பு உள்ளிருந்து புறப்படுவதால் மேலாபீஸ் தடுக்கவில்லை. இருபத்தைந்து விநாடிக்கொருமுறை சிறு செய்தி சென்று வழியை மூடாது காக்கின்றது. கொழும்பு முகவரி மாறினாலும் பெயரால் அறியுமாறு மாறும் முகவரிப் பெயர்ச் சேவை ஒன்றையும் சேர்த்தோம்.

அன்றிரவு ஏழரை மணிக்கு நண்பர் கொழும்பிலிருந்து பேசினார். அம்மா வாசற்படியில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பது தெரிகின்றது என்றார்.