பாடம் 9: வண்டி ஏன் கொதிக்கிறது?

மட்டாஞ்சேரியில் ஓர் ஓட்டுநர் இருக்கிறார். அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் கார் உண்டு. அது அவருடைய அப்பா ஓட்டிய கார். அக்காவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அழைத்து வந்த கார். அதை விற்க அவருக்கு மனம் இல்லை. வீட்டுச் செலவும் அந்த வண்டியின் வாடகையில்தான் நடக்கிறது.

அம்பாசிடர் கார் மேற்கு வங்காளத்தில் உத்தரப்பாரா என்ற ஊரில் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்துச் செய்தது அது. 2014ஆம் ஆண்டு மே மாதம் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனவே, இருக்கிற வண்டியைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

அந்த வண்டிக்கு ஒரு நோய். அடிக்கடி இஞ்சின் கொதிக்கும். ஓட்டுநர் தண்ணீர் ஊற்றுவார். சூடு ஆறும். நான்கு நாளில் மறுபடியும் கொதிக்கும். ஒருவர் பெல்ட்டை மாற்றச் சொன்னார். மாற்றினார். இன்னொருவர் ரப்பர் குழாயை மாற்றச் சொன்னார். அதையும் மாற்றினார். பணம் போனது. நோய் போகவில்லை.

தண்ணீர் செய்யும் வேலை

இஞ்சினுக்குள் எண்ணெய் எரிகிறது. அதனால் சூடு பிறக்கிறது. இந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. வாட்டர் பம்ப் அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. ரேடியேட்டரில் மெல்லிய குழாய்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் மேல் காற்று படுகிறது. தண்ணீர் ஆறுகிறது. ஆறிய தண்ணீர் மீண்டும் இஞ்சினுக்குப் போகிறது.

இந்தச் சுற்று எங்கே தடைபட்டாலும் இஞ்சின் சூடாகும். தடை எங்கே என்று கண்டுபிடிக்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றினால் பயன் இல்லை.

நோட்டுப் புத்தகம் சொன்ன சேதி

வயதான மெக்கானிக் ஒருவரிடம் ஓட்டுநர் போனார்.

"அண்ணே, இந்த வண்டியை எப்படியாவது சரிபண்ணிக் கொடுங்க."

"தம்பி, எப்போ சூடாகுது? நின்னு நின்னு போகும்போதா, வேகமா போகும்போதா?"

"சரியா ஞாபகம் இல்லையே அண்ணே."

"அப்படின்னா ஒரு வாரம் எழுதி வை. எங்கே போனாய், எப்போ சூடாச்சு, எவ்வளவு தண்ணி ஊத்தினாய். அதைக் கொண்டு வா. அப்புறம் பார்ப்போம்."

ஓட்டுநர் எழுதி வைத்தார்:

திங்கள்: பஜார் ரோடு. லாரி நெரிசல். மெதுவான ஓட்டம். சூடு ஏறவில்லை.
புதன்: ஆலுவா. வேகமான ஓட்டம். முள் மேலே போனது. மறுநாள் காலை பார்த்தேன். தண்ணீர் குறையவில்லை.
சனி: மூணாறு வாடகை. நேரியமங்கலம் தாண்டி ஏற்றத்தில் கொதித்தது. ஆறிய பிறகு 2 லிட்டர் ஊற்றினேன்.

மெக்கானிக் படித்தார். நெரிசலில் சூடு இல்லை. எனவே விசிறியும் பெல்ட்டும் நன்றாக இருக்கின்றன. ஆலுவா போய் வந்தும் தண்ணீர் குறையவில்லை. எனவே ஒழுக்கு இல்லை. இஞ்சின் அதிகம் உழைக்கும்போது மட்டும் சூடு ஏறுகிறது. அப்படியானால் தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை.

முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். இது தண்ணீருக்கு வழி திறந்து மூடும் சிறிய கதவு. வெந்நீரில் போட்டுப் பார்த்தார். கதவு திறந்தது. அதில் குற்றம் இல்லை. பிறகு ரேடியேட்டரைக் கழற்றிப் பிரித்தார். பாதிக் குழாய்களில் துருவும் உப்புப் படிவமும் அடைத்திருந்தன.

மட்டாஞ்சேரியைச் சுற்றிக் கடலும் காயலும் உள்ளன. பல கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரையே ஓட்டுநர் பல ஆண்டுகள் ஊற்றி வந்தார். அது துருவை வளர்த்தது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து மாட்டினார்கள். கூலன்ட் ஊற்றினார்கள். அடுத்த மூணாறு வாடகையில் முள் நடுவிலேயே நின்றது.

அடையாளம் பாருங்கள்

1. நெரிசலில் மட்டும் சூடாகிறதா? பெல்ட் தளர்ந்திருக்கலாம். விசிறியைப் பாருங்கள்.
2. வேகத்திலும் ஏற்றத்திலும் சூடாகிறதா? ரேடியேட்டர் அடைத்திருக்கலாம்.
3. தண்ணீர் குறைகிறதா? குழாய், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றில் ஒழுக்கு இருக்கலாம்.
4. வெளியே ஒழுக்கு இல்லை. ஆனாலும் தண்ணீர் குறைகிறது. புகைபோக்கியில் வெள்ளைப் புகை வருகிறது. இஞ்சின் ஆயில் பால் கலந்த காபி போல இருக்கிறது. இப்படியானால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கவனம்! ஆபத்து!

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். குக்கரை நினைத்துப் பாருங்கள். ஆவி அடங்கும் முன் குக்கரைத் திறப்போமா? ரேடியேட்டரும் அப்படித்தான். திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். கண் போகும்.

முள் மேலே போனால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். இஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது பொறுங்கள். நன்றாக ஆறிய பிறகு தடித்த துணியால் மூடியை மெல்லத் திறங்கள். சூடான இஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். இரும்பு விரிசல் விடும்.

கொதிநீர் பட்டுவிட்டால் அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, எண்ணெய் தடவ வேண்டாம். மருத்துவரிடம் போங்கள்.

கூலன்ட் விஷம். ஆனால் இனிக்கும். குழந்தைகளுக்கும் நாய், பூனைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். எவ்வளவு தண்ணீர் கலப்பது என்று புட்டியில் எழுதியிருக்கும். அதைப் படித்துக் கலக்குங்கள்.

எழுத்து கைகொடுக்கும்

1990ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மட்டாஞ்சேரியும் அந்த மாவட்டம்தான். எழுத்து என்பது கையெழுத்துப் போட மட்டும் அல்ல. மூன்று வரிக் குறிப்பு ஒரு குடும்பத்தின் வண்டியைக் காப்பாற்றியது. உங்கள் வண்டியிலும் ஒரு நோட்டு வையுங்கள்.

பயிற்சி

1. தெர்மோஸ்டாட் என்ன வேலை செய்கிறது?
2. ரேடியேட்டர் அடைத்தது ஏன்?
3. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்: கொதிக்கும் ரேடியேட்டரின் ______ திறக்கக் கூடாது.
4. உங்கள் வீட்டில் அடிக்கடி பழுதாகும் பொருள் எது? அது எப்போது பழுதாகிறது? ஒரு வாரம் குறித்து வந்து வகுப்பில் படியுங்கள்.