மொட்டை மாடி வீடும் கரண்ட் பில்லும்: ஏசி வாங்கும் முன் ஒரு கணக்கு

திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர் பக்கம் வாடகைக்கு வீடு தேடுறீங்களா? மேல் மாடி வீடுன்னா வாடகை கொஞ்சம் குறையும். மாசம் ஆயிரம் மிச்சம்னு சந்தோஷமா குடி போவோம். ஏப்ரல் வந்ததும் அந்த ஆயிரம் வேற வழியா வெளியே போயிடும். எப்படின்னு பார்க்கலாம்.

முதல்ல கரண்ட் பில். 2024 ஜூலை கட்டண விகிதத்தை வச்சு போட்ட கணக்கு இது. நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங், அந்த விகிதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரைக்கும் ஒரு விலைப்பட்டியல், 500-ஐத் தாண்டினா வேற பட்டியல். 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 510 யூனிட்டுக்கு? 2,100 ரூபாய்க்கு மேல. வெறும் 10 யூனிட்டுக்கு 300 ரூபாய்க்கு மேல கூடுது!

இப்போ ஏசி. ஏசி இல்லாம உங்க வீட்டுக்கு 250 யூனிட்னு வச்சுக்குவோம். பில் 470 ரூபாய். ஏசி மணிக்கு ஒரு யூனிட் இழுக்குதுன்னு எடுத்துக்குவோம்.

தினமும் 8 மணி நேரம் ஓடினா, 60 நாளில் 480 யூனிட். மொத்தம் 730. பில் 4,100 ரூபாய்க்கு மேல.

தினமும் 4 மணி நேரம்னா மொத்தம் 490. பில் 1,742 ரூபாய்.

ஓடுற நேரம் பாதியானா, பில்லில் 2,300 ரூபாய்க்கு மேல குறையுது. 500-க்குள்ள நிக்கிறதுதான் காரணம்.

சரி, புழுங்காம நேரத்தைக் குறைக்கிறது எப்படி? மேல் மாடியில் வில்லன் கூரைதான். கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடிச்சிட்டு, ராத்திரி வீட்டுக்குள்ள கக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும்.

1. மொட்டை மாடிக்கு வெள்ளை அடிங்க. சுண்ணாம்போ, கூல் ரூஃப் பெயிண்ட்டோ, வெயிலைத் திருப்பி அனுப்பிடும். தெலங்கானா 2023-லேயே இதுக்குன்னு தனிக் கொள்கை கொண்டு வந்துடுச்சு. வாடகை வீடா? ஓனர்கிட்ட பேசி செலவைப் பாதிப் பாதி கேளுங்க. கூரை அவரோடதுதானே! ஏசி நேரம் பாதியானா, ரெண்டு பில்லில் 4,700 ரூபாய்க்கு மேல மிச்சம். உங்க பங்கு அதுக்குள்ள இருந்தா, ஒரே கோடையில் போட்ட காசு வந்துடும்.

2. காலை 9 மணிக்கு மேல மேற்கு, தெற்கு ஜன்னலை மூடி, திரையை வெளிப்பக்கம் கட்டுங்க. கண்ணாடியில் வெயில் விழுறதுக்கு முன்னாடியே தடுத்தாதான் பலன். சாயங்காலம் கடல்காத்து வந்ததும் எல்லாத்தையும் திறந்து விடுங்க.

3. பழைய ஃபேன் சுமார் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். தினமும் 15 மணி நேரம்னா ரெண்டு மாசத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம்.

4. ஏசியை 24-ல் வச்சு, கூடவே ஃபேன் போடுங்க. ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6% கரண்ட் மிச்சம்.

5. ஏர் கூலரை யோசிச்சு வாங்குங்க. தண்ணி ஆவியாகித்தான் அது குளிர வைக்கும். நம்ம ஊர் ஈரக்காத்தில் அது சரியா நடக்காது.

ரீடிங் எடுத்த 30-ஆம் நாள் மீட்டரைப் பாருங்க. 250 தாண்டியிருந்தா அடுத்த மாசம் கவனம். ஓனர் சப்-மீட்டர் வச்சு யூனிட்டுக்கு ஒரே ரேட் வாங்கினா, இந்த 500 கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. யூனிட் மிச்சம் மட்டும்தான்.

கடைசியா ஒண்ணு. பகல்ல நீங்க ஆபீஸ் ஏசியில் இருப்பீங்க. வெயிலைத் தாங்குறது வீட்டில் இருக்கிற அப்பா அம்மா. "பில் ஏறும்"னு அவங்க ஏசியைத் தொட மாட்டாங்க. கத்திரி வெயிலில் மதியம் ரெண்டு மணி நேரமாவது போடச் சொல்லுங்க, போன் பண்ணிக் கேளுங்க. ராத்திரி நீங்க மிச்சம் பிடிக்கிற யூனிட் அவங்க பகலுக்குப் போகட்டும். ஆஸ்பத்திரி பில்லுக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

இந்த வாரமே உங்க பழைய ஏப்ரல்–மே பில்லை எடுத்துப் பாருங்க. 500-க்கு எவ்வளவு மேல போயிருக்கு? அங்கிருந்து ஆரம்பிங்க.