பூசண மூட்டையும் நம் நுரையீரலும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கிட்டங்கிக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் பூசண நெடி நமக்குப் பழக்கமானதுதான். சின்ன வெங்காயச் சாக்கை உதறினால் கரித்தூள் போலப் பறக்கிறது. நனைந்த கடலை மூட்டையில் பச்சை படர்ந்திருக்கிறது. சரக்கு கெட்டதே என்று கவலைப்படும் நாம், அந்தத் தூளைச் சுவாசித்தவரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

எது இந்தப் பூசணம்?

வெங்காயத்தின் கறுப்பும் கடலை, மக்காச்சோளத்தின் பச்சையும் பெரும்பாலும் 'ஆஸ்பெர்ஜில்லஸ்' என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மட்கும் குப்பையிலும் வைக்கோலிலும் வளரும் 'ஃபியூமிகேட்டஸ்' என்பதும் இந்த இனமே. நுரையீரல் நோய்க்கு அதுவே முதற்காரணம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆபத்தான பூசணங்களின் பட்டியலில் அது முதல் வரிசையில் இருக்கிறது.

இவற்றின் நுண்வித்துகளை நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். நல்ல நுரையீரல் அவற்றை அழித்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பு அதிகமாகலாம். காசநோய் வந்து குணமானவர்களுக்கு நுரையீரலில் குழி தங்கியிருந்தால், பூசணம் அதில் குடியேறிப் பந்தாகத் திரளலாம்.

மறுபடியும் காசநோயா?

நம்மிடம் மூட்டை இறக்கும் ஒருவர் ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் கழித்து மறுபடி இருமல், அசதி, எடைக் குறைவு, சளியில் ரத்தம். "பழைய வியாதி திரும்பிவிட்டது" என்று கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிறோம். அவரும் பழைய மாத்திரையையே தேடுகிறார். வந்திருப்பது பூசண நோயானால் அந்த மாத்திரை கேட்காது. நுரையீரல் மேலும் கெடும்.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் நம் நாட்டவர். காசநோய்க்குப் பின் இந்தப் பூசண நோயுடன் வாழ்பவர்கள் இந்தியாவில் சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் இருக்கலாம் என்று சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆராய்ச்சி நிலைய மருத்துவர்கள் 2014இல் மதிப்பிட்டார்கள்.

ஆகவே முதலில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தும் இருமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், "பூசணத்துக்கான ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவையா?" என்று நெஞ்சக மருத்துவரிடம் கேட்க வேண்டும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ காட்டலாம். 'இட்ராகோனசோல்' போன்ற மருந்துகள் உண்டு. பல மாதம் சாப்பிட வேண்டும். மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது. ரத்தம் அதிகமாக வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இந்தப் பூசண நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. வேலையை விட்டு நீக்க இது காரணமே அல்ல.

கிட்டங்கியில் நாம் செய்ய வேண்டியவை

1. மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குவோம். ஓட்டை ஒழுகலை மழைக்கு முன்பே அடைப்போம்.

2. ஈரச் சரக்கைக் காயவைக்காமல் உள்ளே ஏற்றக் கூடாது.

3. பூசணச் சாக்கைக் கடைக்குள் உதற வேண்டாம். வெளியே, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று உதறுவோம். தண்ணீர் தெளித்த பிறகே பெருக்குவோம்.

4. வாயில் கட்டும் துண்டு போதாது. கொரோனா காலத்தில் பழகிய என்-95 முகக்கவசம் வாங்கிக் கொடுப்போம்.

5. ஆஸ்துமா உள்ளவர், முன்பு காசநோய் வந்தவர் ஆகியோருக்குச் சாக்கு உதறும் வேலை வேண்டாம். எடை போடவும் சிட்டை எழுதவும் வைப்போம்.

2018 முதல் பிப்ரவரி 1 உலக ஆஸ்பெர்ஜில்லோசிஸ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று நம் கடையில் இருமுபவரைத் தனியே அழைத்து இரண்டு கேள்வி கேட்போம்: "எத்தனை நாளாக இருமல்? முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டதுண்டா?" பதிலைக் கேட்டபின் ஒரு நாள் கூலியுடன் மருத்துவமனைக்கு அனுப்பி வைப்போம். கெட்ட மூட்டையை நஷ்டக் கணக்கில் எழுதலாம். ஆளை எழுத முடியாது.