வேலை போன பின் எல்லையின் எந்தப் பக்கம் போவது?

சென்ற ஆண்டு ஓணம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்க நூலகத்துக்கு ஓர் அம்மையார் வந்தார். வீடு பாறசாலைக்குப் பக்கம். களியக்காவிளைக்கு அப்புறம், விளவங்கோடு வட்டத்தில் ஓர் அண்டியாபீசில் பதினான்கு ஆண்டுகளாகப் பருப்புத் தோல் உரிக்கும் வேலை. மடித்துப் பிடித்திருந்த ஒரு தாளை என் முன் வைத்தார். "சாரே, இதில என்ன எழுதியிருக்குன்னு ஒண்ணு வாசிச்சுச் சொல்லணும். ஒப்பிடச் சொன்னாவ, ஒப்பிட்டுக் குடுத்தேன்" என்றார்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. சொந்தக் காரணங்களுக்காக அவரே விருப்பப்பட்டு விலகுகிறார் என்றும், நிறுவனத்திடமிருந்து அவருக்கு வரவேண்டியது எதுவும் இல்லை என்றும் அதில் கண்டிருந்தது. உண்மையில் நடந்தது வேறு. சரக்கு வரவில்லை என்று சொல்லி ஆலையில் இருபது பேரை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த அம்மையார் மலையாளம் பேசுவார், தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார், ஆங்கிலம் அறியார். அந்த ஒரு ஒப்பினால் அவர் எவ்வளவு இழக்க நேர்ந்திருக்கும் என்பதை அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பகுதியில் இது ஒரு வீட்டுக் கதை அல்ல.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று முதல் நம்மில் பலருக்கு வீடு ஒரு மாநிலத்தில், வேலை மற்றொரு மாநிலத்தில். வேலை இருக்கும் வரை இது பெரிதாகத் தெரிவதில்லை. வேலை போன மறுநாள்தான் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தடுமாறுகிறோம். இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் போ என்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் ரேஷன் கார்டு கேரளம் என்கிறார்கள்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். சம்பளத்தில் பிடித்த சந்தாவுக்குக் கிடைப்பது (இ.எஸ்.ஐ., பி.எஃப்.) உங்கள் எண்ணைத் தொடர்ந்து வரும், வீடு எங்கே என்று அங்கே பார்ப்பதில்லை. முதலாளி தரவேண்டிய பணத்தை, ஆலை இருக்கும் மாநிலத்தின் தொழிலாளர் துறையில் கேட்க வேண்டும். மாநில அரசு தரும் உதவித்தொகையை மட்டும் வீடு இருக்கும் மாநிலத்தில் கேட்க வேண்டும்.

முதலில் இ.எஸ்.ஐ. பிரிட்டனில் 1911-ஆம் ஆண்டிலேயே சில தொழில்களுக்கு வேலையிழப்புக் காப்பீடு வந்துவிட்டது. நம் நாட்டில் 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தபோது நோய்க்கும் பேறுகாலத்துக்கும் வேலையில் படும் காயத்துக்கும் வழி செய்தார்கள். வேலை போனால் என்ன என்பதற்கு வழி இல்லை. அதற்கு 57 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2005 ஏப்ரல் 1 முதல் ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் யோஜனா நடைமுறைக்கு வந்தது. ஆலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பில் வேலை போனாலோ, வேலை தொடர்பில்லாத காரணத்தால் குறைந்தது 40 சதவீதம் நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ இதைக் கேட்கலாம். தொடக்கத்தில் 6 மாதம் என்றிருந்த காலம் படிப்படியாக 24 மாதமாக உயர்ந்தது. முதல் 12 மாதம் கூலியில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. குடும்பத்துக்கு மருத்துவமும் உண்டு. குறைந்தது இரண்டாண்டுச் சந்தா வேண்டும்.

2018 ஜூலை 1 முதல் இரண்டாவது திட்டம் ஒன்று வந்தது: அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. இதில் ஆயுளில் மொத்தம் 90 நாளுக்குத்தான் பணம். கூலியில் கால் பங்காக இருந்ததைக் கொரோனா முடக்கத்தின்போது, 2020-இல், பாதியாக உயர்த்தினார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், வயது முடிந்து ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் இது கிடையாது. வேலை போய் 30 நாள் கழிந்த பின் விண்ணப்பிக்கலாம். இது அவ்வப்போது தவணை வைத்து நீட்டிக்கப்பட்டு வருகிற திட்டம். ஆகவே விண்ணப்பிக்கப் போகிற அன்று, இப்போதைய தவணை எதுவரை என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. அம்மையாரின் கூலி மாதம் சராசரி 9,000 ரூபாய், அதாவது நாளுக்கு 300. அடல் திட்டத்தில் 150 வீதம் 90 நாளுக்கு 13,500 ரூபாய். ஆட்குறைப்பு என்று பதிவானால் ராஜீவ் காந்தி திட்டத்தில் முதலாண்டு 54,000, மறு ஆண்டு 27,000, ஆக 81,000 வரை. ஒரே காலத்துக்கு இரண்டையும் வாங்க முடியாது. 13,500-க்கும் 81,000-க்கும் நடுவே நின்றது 'நானே விலகுகிறேன்' என்ற அந்த ஒரு வரிதான்.

இத்துடன் முடியவில்லை. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போ அந்த மாதக் கூலியோ தரவேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி நட்டஈடாகவும் தரவேண்டும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பதினான்கு ஆண்டுக்கு 210 நாள் கூலி, 63,000 ரூபாய். தானே விலகியவருக்கு இது கிடையாது.

ஆனால் பணிக்கொடை அப்படி அல்ல. நம்மவர் பலர் இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஐந்தாண்டு தொடர்ந்து பணி செய்தவர் தானே விலகினாலும் பணிக்கொடை உண்டு. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்குவது கணக்கு. அம்மையாருக்கு ஏறத்தாழ 72,690 ரூபாய் வருகிறது. முப்பது நாளுக்குள் தரவேண்டும். 'வரவேண்டியது எதுவும் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டால் இந்தக் கடன் தீர்ந்துவிடாது.

அண்டியாபீஸ்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. இ.எஸ்.ஐ. சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. அடல் திட்டத்துக்கு, வேலை போவதற்கு உடனே முந்திய சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் வேலை பதிவாகியிருக்க வேண்டும்; இரண்டாண்டில் எஞ்சிய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும். சரக்கு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு என்றிருக்கும் ஆலையில் இந்த 78 எளிதில் தவறிப்போகும். எத்தனை நாள் வேலை செய்தோம் என்று காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. நாம் செய்த நாளும் ஆலை காட்டிய நாளும் ஒன்றாக இல்லாத சங்கதி அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

பெயர்க் குழப்பம் மற்றொன்று. கேரளத்தில் தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போடுகிறார்கள், தமிழ்நாட்டில் முன்னால் போடுகிறார்கள். இந்தப் பக்கத்து ஆதாரில் 'தங்கம் எஸ்' என்றிருப்பவர் அந்தப் பக்கத்து ஆலைப் பதிவேட்டில் 'எஸ். தங்கம்மாள்' ஆகிவிடுகிறார். பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும்; பெயர் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் நின்றுவிடும். வேலை இருக்கும்போதே, ஆலை எழுத்தர் முகம் சுளிக்காத நாளாகப் பார்த்து, இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பி.எஃப். பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 இறுதியில் வந்த விதிப்படி, வேலை போய் ஒரு மாதம் கழிந்தால் முக்கால் பங்கும், இரண்டு மாதம் கழிந்தால் மீதியும் எடுக்கலாம் என்றிருந்தது. முழுத் தொகையை எடுக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று மாற்ற 2025 அக்டோபரில் அறங்காவலர் குழு முடிவு செய்தது. கையில் பணமில்லாதபோது எல்லாவற்றையும் எடுத்துவிடத் தோன்றும். ஆனால் ஓய்வூதியப் பங்கைத் தொடாதீர்கள். பத்தாண்டு பணி நிறைந்தவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. நிறையாதவர் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த வேலையில் அந்த ஆண்டுகளும் சேரும்.

மாநில அரசுகள் தரும் உதவித்தொகையில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். அவை வேலையை இழந்தவருக்கு அல்ல, வேலை கிடைக்காமல் பதிந்து காத்திருப்பவருக்கு. கேரளத்தில் 1982-இல் தொடங்கிய திட்டம் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் மூன்றாண்டு பதிவு உள்ள 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. தொகை மாதம் 120 ரூபாய். அதை வாங்கப் போய்வரும் பஸ் கூலியை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தமிழ்நாட்டில் படிப்புக்கு ஏற்ப 200 முதல் 600 ரூபாய் வரை, மூன்றாண்டுக்கு உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் குடியிருப்பவருக்கு மட்டும். களியக்காவிளை உறவினர் முகவரியைக் கொடுத்து இரு பக்கமும் பதிந்து வைத்த பிள்ளைகளை நான் அறிவேன். பின்னால் அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது அதுவே வினையாகும். பதிவை ஒரு பக்கம் வைத்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்தால் போதும்.

சொந்தத் தறியில் நெய்யும் பாலராமபுரத்துக்காரர்களுக்கும் கூலிக்குக் கட்டடப் பணி செய்பவர்களுக்கும் மேற்சொன்ன இ.எஸ்.ஐ. பணம் எதுவும் இல்லை. அவர்களுக்கு இருப்பது நலநிதி வாரிய உறுப்பினர் அட்டை. அதில் மருத்துவம், திருமணம், ஓய்வூதியம் என்று சில உதவிகள் உண்டே தவிர, தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை.

எந்த மொழியில் எழுதுவது என்று கேட்பவர்களுக்கு: விளவங்கோட்டு ஆலை பற்றிய புகாரைத் தமிழிலேயே எழுதலாம், அங்கே அதுதான் ஆட்சிமொழி. கேரள அரசுக்கு எழுதுவதானாலும் கூச வேண்டாம். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதலாம், மறுமொழியும் தமிழில் தரவேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

அம்மையாரின் சங்கதிக்கு வருகிறேன். மறுநாளே தமிழில் ஒரு கடிதம் எழுதினோம். உள்ளடக்கம் சொல்லாமல் ஒப்பு வாங்கப்பட்டது, நான் விலகவில்லை, சரக்கில்லை என்று நிறுத்தப்பட்டேன், என்னோடு இன்னாரெல்லாம் நிறுத்தப்பட்டார்கள் என்று நான்கே வரி. ஆலைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தி, நகலை நாகர்கோவில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுத்தார். பதினான்கு ஆண்டு வேலைக்கு அத்தாட்சியாக இ.எஸ்.ஐ. அட்டை, பழைய கூலிச் சீட்டுகள், பி.எஃப். கணக்கு விவரம் மூன்றும் இருந்தன. கூலிச் சீட்டுகளைத் தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தது அவருடைய மருமகள்.

முதல் அழைப்பிலேயே பணிக்கொடை தர ஆலை ஒப்புக்கொண்டது, பணமும் வந்துவிட்டது. ஆட்குறைப்பா, தானாக விலகியதா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. நிறுத்தப்பட்ட இருபது பேரில் முதலில் மனுக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான். இப்போது ஏழு பேர் கொடுத்திருக்கிறார்கள். விசாரணை நாளில் பாறசாலையிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸுக்கு எல்லோரும் சேர்ந்தே போகிறார்கள்.