பட்டாளத்துக்காரர்களுக்கு உழைப்பவரைப் பத்ம விருதுக்குப் பரிந்துரைப்பது எப்படி?

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போலப் பட்டாளத்துக்குப் பேர்போன ஊர்களில், பென்ஷன் சிக்கல் என்றால் எல்லோரும் தேடிப்போகும் ஒருவர் இருப்பார். முதியவருக்குப் பாதுகாப்புத் துறையின் ஸ்பர்ஷ் ஓய்வூதியத் தளத்தில் ஆயுள் சான்று பதிந்து தருவார். டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு பெயருமாக நிற்கும் விதவைக்காகப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுவார். நடக்க முடியாதவரை முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ்ஸின் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போவார். சம்பளம் கிடையாது, பெரும்பாலும் பஸ் செலவும் கைக்காசுதான். இப்படிப்பட்டவரை நாடு அறிய வேண்டும் என்றால் பத்ம விருதுக்குப் பரிந்துரையுங்கள். 1954 முதல் வழங்கப்படும் அந்த விருதில் சமூகப் பணிக்கென ஒரு பிரிவு உண்டு. குடிமக்கள் யாரும் பரிந்துரைக்கலாம். அமைச்சரின் சிபாரிசு வேண்டியதில்லை.

முதலில் தகுதியைப் பாருங்கள். விருது தனி மனிதருக்குத்தான், சங்கத்துக்கு இல்லை. அரசு ஊழியரும் பொதுத்துறை நிறுவன ஊழியரும் பணியில் இருக்கும்வரை பெற முடியாது. மருத்துவர், விஞ்ஞானிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே பள்ளி நேரம் போக மீதி நேரமெல்லாம் படைவீரர் குடும்பங்களுக்காக அலையும் அரசுப் பள்ளி ஆசிரியர் ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டும். இறந்தவருக்குப் பொதுவாகத் தருவதில்லை. தொண்டு செய்பவருக்கு எழுபது, எழுபத்தைந்து வயதாகிவிட்டது என்றால், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்தது விவரம் சேர்ப்பது. அதிக நேரம் இதற்குத்தான் ஆகும், ஆகட்டும். அவரிடமே கேட்டால் பெரும்பாலும் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் வரும். பலன் பெற்ற குடும்பங்களிடம் போய் உட்காருங்கள். எந்த வருஷம், என்ன சிக்கல், எத்தனை மாதம் பென்ஷன் நின்றிருந்தது, எந்தக் கடிதத்துக்குப் பிறகு வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் உள்ளூர் முன்னாள் படைவீரர் சங்கத்திலும் விசாரித்தால், நீங்கள் கேள்விப்படாத வேலைகளும் தெரியவரும். யாருடைய கதையையும் சம்மதம் இல்லாமல் சேர்க்காதீர்கள். பிபிஓ (ஓய்வூதிய ஆணை) எண், சர்வீஸ் எண், நோய் விவரம் எதுவும் பரிந்துரையில் வரக் கூடாது. அவற்றை வைத்து முதியவர்களின் பென்ஷன் பணத்தை ஏமாற்றிப் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு சாதனைக் குறிப்பு. உச்ச வரம்பு 800 சொல். இங்கேதான் பலரும் ‘தன்னலமற்ற தியாகச் செம்மல், ஏழைகளின் விடிவெள்ளி’ என்று அடுக்கிவிடுகிறார்கள். நாடெங்கிலுமிருந்து குவியும் பரிந்துரைகளுக்கு நடுவே அந்தச் சொற்களுக்கு எடையே இல்லை. மாதிரிக்கு இப்படி எழுதலாம்: ‘மனைவியின் பெயர்ப் பிழையால் நின்றுபோன குடும்ப ஓய்வூதியத்துக்காக, ரெக்கார்ட் ஆபீசுக்குத் தொடர்ந்து எழுதி, பணிப் பதிவு மாற்றங்களுக்கான பார்ட் டூ ஆர்டரில் திருத்தம் வாங்கினார், நிலுவையோடு பணம் வந்தது.’ இதுபோல நாலைந்து நிகழ்வுகள், வருஷத்தோடு. எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார், எத்தனை கிராமங்கள், அவரைப் பார்த்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர்கள் உண்டா என்பதும் சேரட்டும். எண்ணிக்கை உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். தேர்வுக்கு முன் விவரங்களைச் சரிபார்ப்பார்கள். முதலில் தமிழில் எழுதுங்கள், மனசில் உள்ளது முழுசாக வரும். அப்புறம் ஆங்கிலத்துக்கு மாற்றி, ராணுவ நடைமுறை தெரிந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் காட்டிச் சொற்களைச் சரிபாருங்கள்.

அனுப்புவது ஆன்லைனில் மட்டுமே. மத்திய அரசின் ராஷ்ட்ரிய புரஸ்கார் தளத்தில் உங்கள் பெயரில் பதிவுசெய்து, பத்ம விருதுப் பகுதிக்குப் போய், கேட்கும் விவரங்களை நிரப்பிக் குறிப்பையும் இடுங்கள். 2025-இல் மார்ச் 15 அன்று திறந்தார்கள். கடைசித் தேதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வாரம்வரை காத்திருக்க வேண்டாம். அனுப்பியதன் பிரதியைப் பத்திரமாக வையுங்கள்.

அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான விருதுக் குழு பரிசீலித்துப் பிரதமருக்கும் குடியரசுத் தலைவருக்கும் பரிந்துரைக்கும். குடியரசு தினத்தையொட்டிப் பெயர்கள் வெளியாகும். ஓர் ஆண்டில் 120 பேருக்கு மேல் தருவதில்லை. மறைவுக்குப் பின் பெறுவோரும் வெளிநாடு வாழ்வோரும் மட்டும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அதனால் பெயர் வராமல் போவதே பலருக்கும் நடப்பது. மறு ஆண்டும் பரிந்துரைக்கலாம். பழைய பிரதியை எடுத்து, இடையில் நடந்த வேலைகளைச் சேர்த்து, வலுவற்ற வரிகளை நீக்கி மறுபடி அனுப்புங்கள்.

கிடைத்துவிட்டால், குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட சான்றும் பதக்கமும் வரும். ரொக்கமோ ரயில் சலுகையோ கிடையாது. இதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ‘பத்மஸ்ரீ’ என்று போட்டுக்கொள்ளவும் கூடாது, 1995-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விதி இது. ஊரார் பாராட்டுப் பேனர் அடிக்கும்போது அதைக் கவனித்துக்கொள்வது பரிந்துரைத்தவர் பொறுப்பு.