குடும்பத் தொழிலுக்கு எந்த அக்கவுண்டிங் சாப்ட்வேர்?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் கடைக் கணக்கையும் அதில் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசை வரும். "டாலி போடலாமா, வேறு ஏதாவது போடலாமா?" என்று கேட்கத் தொடங்குவோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் தொழிலில் கணக்கு எங்கே சிக்குகிறது?

டாலி பிறந்ததே இந்தக் கேள்வியில்தான். ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரி பாகங்களும் வழங்கிவந்தவர் ஷியாம் சுந்தர் கோயங்கா. தன் கணக்குக்குப் பொருந்தும் சாப்ட்வேர் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986-ல் தொடங்கிய அந்த வேலைதான் டாலியாக வளர்ந்தது. தேவை முதலில், சாப்ட்வேர் பிறகு என்ற அந்த வரிசையை நாமும் பின்பற்றலாம்.

வடசென்னையில் வழக்கமாகக் காணும் மூன்று தொழில்களைப் பார்ப்போம்.

1. காசிமேடு மீன் வியாபாரம்: பதப்படுத்தாத மீனுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதை மட்டுமே விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையில்லை. இங்கே சிக்கல் கடன் பாக்கி. யார், எந்தத் தேதி சரக்குக்கு, எவ்வளவு தர வேண்டும், எத்தனை நாளாகிறது என்று காட்டும் சாப்ட்வேர் போதும்.

2. ராயபுரம் உதிரி பாகக் கடை: நூற்றுக்கணக்கான ஐட்டங்கள் இருக்கும். மாநிலத்துக்குள் பொருள் விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். எனவே ஸ்டாக், எச்.எஸ்.என். எண், வரி ரிட்டர்ன் மூன்றையும் சாப்ட்வேர் கவனிக்க வேண்டும்.

3. திருவொற்றியூர் லேத் பட்டறை: பெரிய கம்பெனி அனுப்பும் இரும்பைக் கடைந்து தருவது ஜாப் ஒர்க். அந்த இரும்பு பட்டறைக்காரருடையது அல்ல. அதை நம் ஸ்டாக்கில் சேர்த்தால் கணக்கே தவறிவிடும். சரக்கு பொதுவாக ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி, அனுப்பியவர் மீது வரி விழும். பட்டறைக்கு அடுத்த ஆர்டர் வராது. வந்த சரக்கு, போன சரக்கு, கூலி பில் ஆகியவற்றைத் தனித்தனியே வைக்கும் வசதி அவசியம்.

எது யாருக்கு?

ஜினுகேஷ் இலவசமானது. வாடிக்கையாளர் பாக்கியை நாள் வாரியாகக் காட்டும். நம் ஊர் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தயாரிக்காது. முதல் கடைக்குப் பொருந்தும். டாலியில் ஸ்டாக், ஜி.எஸ்.டி., ஜாப் ஒர்க் மூன்றும் உண்டு. தகவல்கள் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். சென்னை நிறுவனமான ஸோஹோவின் 'ஸோஹோ புக்ஸ்' இன்டர்நெட் வழியே இயங்குவது. கடையில் ஒருவரும் வீட்டில் ஒருவரும் கணக்கைப் பார்க்க வேண்டுமானால் இது வசதி. நெட் தடையில்லாமல் கிடைக்க வேண்டும்.

வாங்கும் முன் சோதியுங்கள்

போன மாதத்து பில் புத்தகத்தை எடுத்து, சோதனைப் பதிப்பில் முழுவதையும் பதிந்து பாருங்கள். டாலியின் இலவசக் கல்விப் பதிப்பு மாதத்தின் 1, 2, கடைசித் தேதிகளில் மட்டுமே பதிய விடும். பழகுவதற்கு அது போதும். பதிந்து முடித்ததும் கைரொக்கம், பாக்கி, ஸ்டாக் மூன்றும் நோட்டுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தினமும் கணக்கு எழுதப்போகிறவரே இதைச் செய்ய வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் எந்த சாப்ட்வேரின் பைலை ஏற்பார் என்றும் கேட்டுவிடுங்கள்.

கணக்கு உங்கள் கையில்

அட்மின் பாஸ்வேர்டு வாரம் ஒருமுறை வந்துபோகும் கணக்கரிடம் மட்டும் இருக்கக் கூடாது. குடும்பத்தில் ஒருவரிடமும் இருக்கட்டும். தகவல்களை எக்செல் பைலாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். முடியாவிட்டால் பின்னாளில் வேறு சாப்ட்வேருக்கு மாறுவது கடினம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர் பகுதி வீடுகளில் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது. தரைமட்டத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் இப்படி நனைந்தால், வர வேண்டிய பாக்கிக்கு ஆதாரமே இருக்காது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். தினமும் கடை மூடும் முன் பென் டிரைவில் பேக்கப் எடுங்கள். அதைக் கடையில் வைக்காமல் மாடி வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

புதிய சாப்ட்வேரில் மூன்று மாதக் கணக்கு பிசகாமல் வரும்வரை பழைய நோட்டையும் கூடவே எழுதி வாருங்கள்.